சத்தம் போடாத கதிர்



வத்தலக்குண்டிலிருந்து பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "ஐயா, பையன் கல்பாக்கத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். அடிக்கடி சிறுநீர் வாங்குகிறார்களாம். கடகடவென்று சத்தம் போடுமே, அந்தக் கருவியைக் காட்டினால் போதாதா?"

போதாது. காரணம் கைகாவில் நடந்த கதையில் இருக்கிறது.

2009 நவம்பர். கர்நாடகத்தின் கைகா அணுமின் நிலையத்தில் வழக்கமான சிறுநீர்ச் சோதனையில் சிலருக்கு டிரிட்டியம் கூடுதலாகத் தெரிந்தது. பாதிக்கப்பட்டவர்கள் 55 பேர் என்று அப்போது செய்தி வந்தது. தேடிப்போனால், காரணம் ஒரு வாட்டர் கூலர். டிரிட்டியம் கலந்த கனநீரை யாரோ அதில் ஊற்றியிருக்கிறார்கள். கூலர் பூட்டித்தான் இருந்தது. வழிந்தோடும் குழாய் வழியாக ஊற்றியிருக்கலாம் என்றார்கள். (பூட்டுக்குப் பேர்போன நம்மூர்க்காரர்கள் கவனிக்கவும்!)

அவர்கள் உடம்பில் கெய்கர் கருவியை வைத்திருந்தால் அது வாயே திறந்திருக்காது. டிரிட்டியத்தின் பீட்டா கதிர் அவ்வளவு சோப்ளாங்கி. காற்றில் சில மில்லிமீட்டர்தான் போகும், தோலைத் தாண்டாது, கருவியின் சன்னலையும் தாண்டாது. அதனால் கருவியைக் கதிரிடம் கொண்டுபோகாமல், கதிர் இருக்கும் இடத்திலேயே ஒளியை உண்டாக்குகிறார்கள். சிறுநீரில் கொஞ்சம் எடுத்து, ஒளிரும் திரவத்தோடு ஒரு குப்பியில் கலந்து, இருட்டறைக்குள் வைப்பார்கள். ஒவ்வொரு கதிருக்கும் ஒரு மினுக்கு. இரண்டு ஒளிக்குழாய்கள் ஒரே நொடியில் பார்த்தால்தான் கணக்கில் சேரும். இதுதான் திரவ மினுமினுப்பு எண்ணி. சிறுநீரின் மஞ்சள் நிறம் வெளிச்சத்தில் கொஞ்சத்தை விழுங்கிவிடும். அதற்கும் திருத்தம் போட வேண்டும்.

நேரமும் முக்கியம். டிரிட்டியம் நீராகவே உடம்பில் கலப்பதால் சுமார் 10 நாளில் பாதி வெளியேறிவிடும். இரண்டு மாதம் தள்ளிப்போட்டால் 64-இல் ஒரு பங்குதான் மிஞ்சும். கைகாவில் தொடர்ந்து மாதிரி வாங்கிவந்ததால்தான் பிடிபட்டது.

லண்டனில் 2006-இல் அந்த வாய்ப்பு இல்லை. அலெக்சாண்டர் லிட்வினென்கோ என்ற ரஷ்யருக்கு முடியெல்லாம் கொட்டியது. தாலியம் விஷம் என்று சந்தேகித்தார்கள். கெய்கர் கருவியில் ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் உள்ளே போயிருந்தது ஆல்ஃபா கதிர் விடும் போலோனியம்-210. ஆல்டர்மாஸ்டன் ஆய்வகத்தில் அவருடைய சிறுநீரைக் காமா நிறமாலைமானியில் வைத்தபோது 803 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு சின்னக் கூம்பு எழுந்தது. போலோனியம் லட்சம் முறை சிதைந்தால் ஒரு முறைதான் அந்தக் காமா வரும். அதை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டார். போலோனியம்தான் என்று உறுதியான நவம்பர் 23 அன்று இரவே அவர் இறந்துபோனார்.