சேரிப்பள்ளியின் எதிர்காலமும் செங்கற்பட்டின் வரலாறும்

திருச்சபையின் ஆட்சிக்குழுக்களில் அடிக்கடி எழும் வினாக்களுள் ஒன்று, சிற்றூர்களில் நாம் நடத்திவரும் தொடக்கப்பள்ளிகளை என்செய்வது என்பதாகும். மாணவர் தொகை குறைந்துவிட்டது, கூரை ஒழுகுகிறது, ஓய்வுபெற்ற ஆசிரியரின் இடம் நிரம்பவில்லை. ஆகவே மூடிவிடலாமா, அரசிடம் ஒப்படைக்கலாமா, ஆங்கில வழிப் பள்ளியாக மாற்றலாமா என்று பேசப்படுகிறது. கல்பாக்கத்தை அடுத்த புதுப்பட்டினம் தொடங்கி, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டு வரையுள்ள நிலப்பகுதியை எடுத்துக்கொண்டு, இவ்வினாவுக்கு முற்காலத்தில் எவ்வாறு விடை காணப்பட்டது என்பதை நாம் சற்று ஆராய்வோம்.

இப்பகுதியில் கல்விப்பணியைத் தொடங்கியவர்கள் ஸ்காட்லாந்து மிஷனெரிமார். 1837ஆம் ஆண்டு சென்னையில் பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சன், பின்னர்ச் செங்கற்பட்டிலும் காஞ்சிபுரத்திலும் கிளைப்பள்ளிகளை நிறுவினார். அவருடைய நோக்கம் உயர்சாதி இளைஞருக்கு ஆங்கிலக் கல்வி அளித்து, அதன்வழி நற்செய்தியைக் கொண்டுசெல்வதே. எனினும் 1838இல், தாழ்த்தப்பட்ட வகுப்புச் சிறுவர்கள் பள்ளியில் இருப்பதைக் கண்டு மற்ற மாணவர்கள் எதிர்த்தபோது, அவர்களை நீக்க அவர் மறுத்துவிட்டார். பலர் வெளியேறினர், பள்ளி நிலைத்தது. அப்பள்ளியே காலப்போக்கில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்து, 1937இல் தாம்பரத்திற்கு இடம் பெயர்ந்தது. அந்நாளில் தாம்பரமும் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததே. ஆயினும் ஒரு கொள்கையை நகரத்துப் பள்ளியில் காப்பது வேறு. சேரிக்குள் பள்ளி வைப்பது வேறு. இரண்டாவதற்கு மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

செங்கற்பட்டு, மிராசுதார்களின் மாவட்டம். சேரியில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் படியாள்கள். திருமணத்திற்கு வாங்கிய சிறு கடனுக்காகத் தலைமுறைகளாக உழைத்தவர்கள். அவர்கள் குடியிருந்த மனையின்மீதுகூட அவர்களுக்கு உறுதியான உரிமை இல்லை. மிராசுதார் வெறுப்புற்றால் குடிசையை இழக்க நேரிடும். மாடு மேய்க்க வேண்டிய சிறுவனைப் பள்ளிக்கு அனுப்புவது அத்தகைய வெறுப்பைத் தேடிக்கொள்ளும் செயலாக இருந்தது. இந்நிலையை உள்ளபடி எடுத்துரைத்தவர் மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹியர். 1891 அக்டோபரில் அவர் எழுதிய குறிப்பு, குடிமனை உரிமையையும் தரிசு நிலத்தையும் இம்மக்களுக்கு வழங்கவேண்டும் என்று வாதாடியது. செங்கற்பட்டில் பணிபுரிந்த ஆதாம் ஆண்ட்ரு, திருவள்ளூர்ப் பக்கம் இக்காட்டில் பணிபுரிந்த வெஸ்லியன் சபையைச் சேர்ந்த வில்லியம் கௌடி ஆகிய மிஷனெரிமார் இதே கருத்தைப் பத்திரிகைகளிலும் மனுக்களிலும் வலியுறுத்தி வந்தனர். வருவாய் வாரியத்திற்கு இஃது உவப்பாயில்லை. இருப்பினும் 1892 செப்டம்பர் 30ஆம் நாளிட்ட 1010, 1010ஏ எண்ணுள்ள அரசாணைகள் பிறந்தன. அவற்றின்படி வழங்கப்பட்ட நிலமே பிற்காலத்தில் பஞ்சமி நிலம் எனப்பட்டது. அடுத்த ஆண்டு, 1893 பிப்ரவரி 1ஆம் நாள், கல்வித்துறையின் 68ஆம் எண் ஆணை வந்தது. சேரிகளில் தனிப்பள்ளிகள், பயிற்சி பெறும் ஆசிரியருக்கு உதவிச் சம்பளம், பள்ளி கட்டப் புறம்போக்கு நிலம் ஆகியவற்றை அது அளித்தது.

ஈண்டு நாம் ஊன்றி நோக்கவேண்டியது, பள்ளிக்கூடத்தின் எதிர்காலம் முதலாவதாக ஒரு மனைக்கட்டின் கேள்வியாக இருந்தது என்பதாகும். பாடத்திட்டம் பற்றியோ சமய போதனை பற்றியோ எழுந்த வாதங்கள் பின்னர் வந்தவை. நான்கு சுவரும் ஒரு கூரையும் நிற்பதற்கு இடம் கிடைக்குமாயின், உபதேசியாரே ஆசிரியராகி, பகலில் பிள்ளைகளுக்கும் இரவில் வேலை முடிந்து வருவோருக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை அதுவே ஆலயம். இவ்வேற்பாட்டைக் குறைகூறிய மிஷனெரிமாரும் உண்டு. ஆசிரியரின் கல்வி சொற்பம் என்பது அவர்கள் குறை. அது உண்மையே. ஆனால் அந்தச் சொற்பக் கல்வியே, பத்திரத்தில் கைநாட்டு வைக்குமுன் அதில் எழுதியிருப்பதைப் படிக்கும் ஆற்றலைத் தந்தது.

தனிப்பள்ளி என்னும் ஏற்பாட்டில் ஒரு கேடும் உள்ளடங்கியிருந்தது. பொதுப்பள்ளி அக்கிரகாரத்திலோ ஊர்த்தெருவிலோ இருக்க, சேரிக்குத் தனிப்பள்ளி தந்துவிட்டால் பொதுப்பள்ளியின் கதவைத் திறக்கவேண்டிய கட்டாயம் தளர்ந்துவிடுகிறது. 1920க்குப் பின் தொழிலாளர் நலத்துறை தொடங்கிய பள்ளிகளை மக்கள் 'லேபர் பள்ளிக்கூடம்' என்றே அழைத்தனர்; அவையே பின்னர் ஆதி திராவிடர் நலப்பள்ளிகளாயின. இவற்றைப் பள்ளிக்கல்வித்துறையின்கீழ்க் கொண்டுவருவதாக 2023ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை அறிவித்தது. 2024இல் நீதியரசர் சந்துரு குழுவும் சாதிப் பெயர் தாங்கிய பள்ளிப்பெயர்களை மாற்றுமாறு பரிந்துரைத்தது. நம் சேரிப்பள்ளிகளுக்கு அத்தகைய பெயர் இல்லையெனினும், இக்கேட்டில் நமக்குப் பங்கில்லை என்று சொல்ல இயலாது.

1953இல் இராஜாஜி அரசு கொணர்ந்த திட்டம் சிற்றூர்த் தொடக்கப்பள்ளியின் நேரத்தை மூன்று மணியாகச் சுருக்கியது. எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் தந்தையின் தொழிலைக் கற்கவேண்டும். படியாளின் மகன் எதைக் கற்பான் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் அத்திட்டம் கைவிடப்பட்டது. பின்னர் மதிய உணவும் வந்தது.

இனி இக்காலத்திற்கு வருவோம். அணுமின் நிலையம் வந்தபின் புதுப்பட்டினத்தைச் சூழ்ந்த பகுதி பெரிதும் மாறிவிட்டது. கல்பாக்கம் நகரியத்தில் அணுசக்தித் துறையின் பள்ளிகள் உள்ளன; ஒப்பந்தத் தொழிலாளியும் கடன்பட்டாவது தன் பிள்ளையை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்ப விழைகிறான். எஞ்சியிருப்பவர்கள் அதற்கும் வழியற்றவர்களின் பிள்ளைகள். 2022இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், ஊரகப் பகுதியிலுள்ள உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில்தான் வந்துசேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் காலைப் பசியோடு நம் பள்ளிக்கு வந்த பிள்ளையின் தாய், அரசுப் பள்ளியை நாடியிருப்பின் அவளைக் குறைசொல்வார் யார்? மாணவர் தொகை குறைந்ததைக் கணக்கிடும் குழுவினர் இதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். மேலும், 1991-92 கல்வியாண்டு முதல் புதிதாகத் தொடங்கப்படும் தனியார் பள்ளிகளுக்கு அரசு உதவித்தொகை கிடையாது. எனவே உதவிபெறும் பள்ளி ஒன்றை இன்று மூடினால், அதே ஊரில் அதே நிலையில் மறுபடியும் தொடங்க முடியாது.

இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லக் கூச்சமாயிருப்பினும் சொல்லியாகவேண்டும். 1890களில் ஒருவரும் தர விரும்பாத மனைக்கட்டு, இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையின் அருகிலிருந்தால் பெருவிலை பெறும். அதே காலத்தில் வழங்கப்பட்ட பஞ்சமி நிலம் பெரும்பாலும் பிறர் கைக்குப் போய்விட்டது. அதை மீட்க 1994இல் காரணையில் எழுந்த போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தனர். நிலம் போனபின்னும் அம்மக்களுக்கென்று எஞ்சி நிற்கும் இடங்களுள் பள்ளியிருக்கும் மனையும் ஒன்று.

மேற்கூறிய முடிவுகளில் மிஷன் அலுவலகமும் வருவாய் வாரியமும் கல்வித்துறையும் கலந்துகொண்டன. சேரியின் பெற்றோர் முடிவெடுக்கும் அவையில் அமர்த்தப்படவில்லை. ஆகவே ஒரு பள்ளியைப் பற்றித் தீர்மானம் எழுதுமுன், தாளாளரும் ஆயரும் மாலை வேளையில், வேலைக்குச் சென்றவர்கள் திரும்பியபின், அச்சேரியிலேயே கூட்டம் கூட்டி, மனையின் மூலப்பத்திரத்தை அவர்கள்முன் வாசிப்பது தகும் என்று நாம் கருதுகிறோம்.