புறணியின் பிறவிப் பிறழ்ச்சியும் வலிப்பின் மூலமும்

வலிப்பு நோயின் மூலத்தை மூளையில் தேடிய வைத்தியர்கள் நெடுங்காலம்வரை காயத்தின் வடுவையும், கட்டியையும், தொற்று விட்டுச்சென்ற சேதத்தையுமே நாடினார்கள். நன்றாக உருவான உறுப்பு பின்னால் கெட்டுப்போனதன் விளைவே வலிப்பு என்பது அவர்களுடைய அனுமானம். சிசு கர்ப்பத்தில் இருக்கும்போதே, மூளை உருவாகும் கிரமத்தில் நேரும் பிறழ்ச்சி பலருக்கு வலிப்பைத் தருகிறது என்பதும், அவ்வாறு பிறழ்ந்த திசு செயலற்றுக் கிடக்காமல் தானே வலிப்பைக் கிளப்ப வல்லது என்பதும் நான் இங்கே நிறுவ விரும்புபவை.

1971இல் லண்டனில் டெய்லர், ஃபால்கனர், ப்ரூட்டன், கார்செல்லிஸ் ஆகிய நால்வர் வெளியிட்ட ஆய்வு இதற்கு முதற்சான்று. வலிப்புக்காக 10 பேரிடமிருந்து அறுத்தெடுத்த மூளைப் பகுதிகளில் கண்ணுக்கோ விரலுக்கோ பெரும்பாலும் ஒரு குறையும் புலப்படவில்லை. நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோதோ, புறணியின் முதல் அடுக்கு நீங்கலாக மற்றெல்லா அடுக்குகளிலும் அளவுக்கு மீறிப் பருத்த, உருமாறிய நரம்பணுக்கள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடந்தன. இது சேதம் அன்று, உருவாக்கத்தில் நேர்ந்த பிழை என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

அந்த உருவாக்கம் வியக்கத்தக்கது. மூளையின் உட்குழிவுகளை ஒட்டிப் பிறக்கும் நரம்பணுக்களில் பெரும்பாலானவை நீண்ட தாங்கிழைகளைப் பற்றிக்கொண்டு மேலேறி, பின்னால் பிறந்தவை முன்னால் பிறந்தவற்றைக் கடந்து சென்று, உள்ளிருந்து வெளியாகப் புறணியின் அடுக்குகளை அமைக்கின்றன. இந்தப் பயணத்துக்கு வேண்டிய டபிள்கார்ட்டின் என்னும் புரதத்தின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அது பழுதுபட்டால், ஒரே எக்ஸ் உள்ள ஆண் குழந்தையின் மூளை மடிப்புகளின்றி வழவழப்பாகி விடுகிறது. பெண் குழந்தையிலோ ஒவ்வோர் அணுவிலும் இரண்டு எக்ஸில் ஒன்று செயலிழப்பதால், நல்ல மரபணு செயற்படும் அணுக்கள் மேலே சென்று சேர, மற்றவை பாதியில் நின்று புறணிக்கு அடியில் இரண்டாவது பட்டையாகத் தங்குகின்றன. ஒரே பிழை இருவரிடத்தில் இருவேறு உருவம் கொண்டாலும், வலிப்பு இருவருக்கும் பொதுவாகிறது.

இடம் மாறியிருப்பதே வலிப்புக்குக் காரணமா, அல்லது அந்த அணுக்களின் சுபாவமே கெட்டிருக்கிறதா என்னும் ஐயம் எழுவது நியாயமே. அறுவையின்போது திறந்த புறணியின்மேல் நேரடியாக மின்முனைகளை வைத்துப் பதிவு செய்ததில், பிறழ்ந்த பகுதி ஏறக்குறைய இடைவிடாமல் மின்வெடிப்புகளை எழுப்புவதை 1995இல் பால்மினி குழுவினர் காட்டினார்கள். ஆயினும் எல்லா விகார அணுவும் குற்றவாளி அன்று: பலூன் போல் உப்பிய அணுக்கள் மின்துடிப்பே எழுப்புவதில்லை, பருத்த நரம்பணுக்களே மிகையாகக் கிளர்ச்சியுறுகின்றன. அவற்றின் கோளாறு எங்கிருந்து வந்தது என்பதைத் தென்கொரிய விஞ்ஞானிகள் 2015இல் தெளிவாக்கினார்கள்: 77 நோயாளிகளில் 12 பேரிடம், அணுவின் வளர்ச்சியை ஆளும் எம்டார் மரபணுவில் மூளையில் மட்டும் மாற்றம் இருந்தது, அதுவும் திசுவிலுள்ள அம்மரபணுப் பிரதிகளில் சுமார் 1 முதல் 13 சதவிகிதத்தில்தான். அதே மாற்றத்தை எலிக்கருவின் மூளையில் புகுத்தியபோது, அணுக்கள் வழிதவறிப் பருத்தன. எலிகளுக்கு வலிப்பும் வந்தது. இத்தனை சிறு பங்கு பெரிய வலைப்பின்னலைக் கலைப்பது, எனக்குத் தெரிந்தவரை, இத்துறையின் மிக ஆழமான பாடம்.

தக்க இரண்டு மருந்துகள் பயனளிக்காத குழந்தைக்கு, தாமதமின்றி அறுவை மதிப்பீடு செய்யவேண்டும் என்று சொல்வதும் பிறழ்ந்த திசுவே வலிப்பைக் கிளப்புவதனாலேயே. ஐரோப்பாவில் வலிப்புக்காக அறுவை செய்துகொண்ட குழந்தைகளின் திசுக்களில் புறணிப் பிறழ்ச்சி 39.3 சதவிகிதம் என 2017இல் வெளியான தொகுப்பு கூறுகிறது. எம்டாரை அடக்கும் எவரோலிமஸ், அதே வழியில் கோளாறு கொண்ட டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளின் வலிப்பைக் குறைப்பதை 2016இல் வெளியான பரிசோதனை காட்டியது. அந்த மருந்து எந்த நரம்பணுவையும் அதற்குரிய அடுக்கில் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. அப்படியிருந்தும் வலிப்பு குறைகிறதென்றால், இடப்பிறழ்ச்சியைவிட அணுவினுள் ஓயாது ஓடும் தவறான ஏவலே வலிப்புக்கு அண்மைக் காரணம் என்று கொள்வதே தகும்.