உப்பளமும் இணக்கத் தீர்வும்
புத்தளக் கரையோரத் தொழிற் பிணக்குகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் தொழிலாளர் இயக்க வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் இரு களங்களையே தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். ஒன்று கொழும்பு நகரம், மற்றையது மலையகம். துறைமுகத் தொழிலாளரும் திறாம்வண்டித் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் நடத்திய போராட்டங்களே தொழிற்சட்டங்களைத் தோற்றுவித்தன என்பதால் இஃது இயல்பே. ஆயினும், அச்சட்டங்கள் அவ்விரு களங்களுக்கு அப்பால் வாழ்ந்த உழைப்பாளரை எந்த அளவிற்குச் சென்றடைந்தன என்ற வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. உப்பளங்களும் தென்னந்தோட்டங்களும் கரைவலை வாடிகளும் நிறைந்த புத்தளக் கரையோரத்தை உரைகல்லாகக் கொண்டு, தொழிற் பிணக்குகளை இணக்கத்தாற் தீர்க்கும் முறை இந்நாட்டில் வளர்ந்த வரலாற்றையும், அம்முறையின் வாயில் யாருக்குத் திறந்திருந்தது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இணக்கத் தீர்வு என்பது நம் மக்களுக்குப் புதிதன்று. புத்தளப் பகுதியில் முக்குவத் தலைவர்கள் அவையாகக் கூடித் தம் வழமைக்கேற்ப வழக்குகளைத் தீர்த்து வந்தனர். கற்பிட்டியிற் பிறந்து, 1834இல் இலங்கை பற்றிய புகழ்பெற்ற நிலவர அகராதியை வெளியிட்ட சைமன் காசிச்செட்டி இப்பகுதி மக்களின் வழமைகளை எழுத்திற் பதித்தவருள் முதன்மையானவர். ஆனால் அத்தகைய அவைகள் காணியும் சீதனமும் மரபுரிமையும் பற்றிய வழக்குகளைக் கேட்டவை. கூலி கொடுப்பவனுக்கும் கூலி பெறுபவனுக்கும் இடையே சமநிலையில் நின்று பேசும் அவையாக அவை அமைந்தன எனக் கொள்வதற்கில்லை. தலைவனே நிலவுடையவனாகவும் நடுவனாகவும் விளங்கிய சமுதாயத்தில் அது நிகழ்ந்திருக்கவும் இயலாது. ஆகவே, ‘பழைய நடுநிலை மரபு’ எனப் பெருமை பேசுவதோடு நாம் அமைதல் கூடாது.

இக்காலப் பொருளில் இணக்கத் தீர்வு கைத்தொழிற் புரட்சியின் பின் எழுந்ததாகும். நியூசிலாந்து 1894இலும், பிரித்தானியா 1896இலும், அவுஸ்திரேலியா 1904இலும் இதற்கெனச் சட்டங்கள் இயற்றின. இலங்கையில் இதற்கான தேவை போராட்டங்களின் வாயிலாகவே உணரப்பட்டது. ஏ. ஈ. குணசிங்க 1922இல் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார். 1923இற் கொழும்பிற் பொது வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. 1929ஆம் ஆண்டின் திறாம்வண்டி வேலைநிறுத்தம் துப்பாக்கிச் சூட்டிலும் உயிரிழப்பிலும் முடிந்தது. அதே ஆண்டில் முதலாளிமார் சம்மேளனம் தோன்றியது. அச்சம்மேளனத்திற்கும் குணசிங்கவின் தொழிற்சங்கக் காங்கிரசிற்கும் இடையே கூட்டு உடன்படிக்கை ஒன்றும் அவ்வாண்டிலேயே செய்யப்பட்டது. முன்னறிவித்தலின்றி வேலைநிறுத்தம் செய்வதில்லை எனத் தொழிலாளர் தரப்பும், சங்கத்தோடு பேசுவதற்கு முதலாளிமார் தரப்பும் உடன்பட்டன. குருதி சிந்திய பின்னரே இரு தரப்பாரும் ஒரு மேசைக்கு வந்தனர் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

இதன் தொடர்ச்சியாக 1931இற் கைத்தொழிற் பிணக்குகள் (இணக்கந்) தொடர்பான கட்டளைச் சட்டம் பிறந்தது. அரசு பிணக்கினுள் நடுவராக நுழைவதற்கு இச்சட்டம் வழி திறந்தபோதும், அதன் முடிவுகள் எவரையும் கட்டுப்படுத்தவில்லை. 1935இன் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் சங்கங்களுக்குச் சட்டத் தகுதி அளித்தது; 1941இன் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் கூலியைப் பேரத்திலிருந்து ஓரளவு விடுவித்தது. 1940இன் தொடக்கத்தில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னுந் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்கு இரையானதும், அவ்வாண்டிலேயே தோட்டத்துறைமாருக்கும் சங்கங்களுக்கும் இடையே ஏழு அம்ச உடன்படிக்கை எழுந்ததும் முற்கூறிய வரலாற்று விதியை மீண்டும் மெய்ப்பித்தன.

சுதந்திரத்தின் பின் வந்த 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டமே இன்றுவரை இத்துறையின் அடித்தளமாகும். இதன் அமைப்பைச் சற்று விளக்குதல் தகும். பிணக்கொன்று எழுந்தால் தொழில் ஆணையாளர் தாமே இணக்கம் காண முயலலாம். அல்லது அதிகாரம் பெற்ற அலுவலர் ஒருவரிடம் அப்பணியை ஒப்படைக்கலாம். இணக்கம் ஏற்படின் அது எழுத்தில் வரையப்பட்டு இரு தரப்பாராலும் ஒப்பமிடப்படும். அதன் நிபந்தனைகள் வேலை ஒப்பந்தத்தின் பகுதியாகவே கருதப்படும். இரு தரப்பும் உடன்பட்டால் நடுத்தீர்ப்புக்கு விடலாம். உடன்படாதவிடத்து அமைச்சர் தாமே நடுத்தீர்ப்பாளரிடமோ கைத்தொழில் நீதிமன்றத்திடமோ அனுப்பலாம். இணக்கம் முதற்படி, தீர்ப்பு இறுதிப்படி என்பதே இச்சட்டத்தின் உட்கருத்து.

1956இன் ஆட்சி மாற்றத்தின் பின் தொழில் அமைச்சரான ரி. பி. இலங்கரத்ன, 1947ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் அரசாங்க எழுதுவினைஞர் சங்கத்தின் தலைவராக நின்று தம் பதவியை இழந்தவர். அவர் காலத்தில், 1957இன் 62ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தினாலே தொழில் நியாயமன்றுகள் அமைக்கப்பட்டன. வேலைநீக்கம் பெற்ற தனியொரு தொழிலாளி எச்சங்கத்தின் துணையுமின்றி நேரே மன்றேறி, ‘நீதியும் ஒப்புரவும்’ வாய்ந்த கட்டளையைக் கோரும் உரிமை இதனால் உண்டாயிற்று. அண்டை நாடான இந்தியாவில் தனியொருவரின் வேலைநீக்கம் கைத்தொழிற் பிணக்காகக் கருதப்படுவதற்கு 1965ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை ஒப்புநோக்கின், இவ்வுரிமையின் அருமை புலனாகும்.

சட்டத்தின் வரலாறு இவ்வாறிருக்க, புத்தளக் கரையில் நின்று அதனை நோக்குவோம்.

உப்புத் தொழில் ஏனைய தொழில்களைப் போன்றதன்று. களப்பு நீரைத் தேக்கி, பாத்திக்குப் பாத்தி மாற்றிச் செறிவூட்டி, இறுதிப் பாத்தியில் உப்பு உறையும்வரை உழைப்பாளர் காத்திருக்கின்றனர். உறைந்த உப்பை ஆண்களும் பெண்களுமாக வாரிக் குவிக்கும் நாள்கள் சிலவே. அந்நாள்களில் வேலை நின்று, ஓரிரவு மழை பெய்யின், பல வாரங்களின் விளைவு கரைந்துபோகும். வாரும் நாளிற் தொழிலாளியின் கை ஓங்குகின்றது. மழைக்காலம் தொடங்கியதும் அவனிடம் பேரம் பேச எதுவும் எஞ்சுவதில்லை. ஆகவே, உப்பளப் பிணக்கு நாள்கணக்கில் வாழ்வது. நீதிமன்ற நடவடிக்கையோ ஆண்டுக்கணக்கில் வளர்வது. மற்றெத் தொழிலைக் காட்டிலும் இங்கு விரைவான இணக்க முறையே பயன்தரும் என்பது தொழிலின் இயல்பிலிருந்தே பெறப்படும் முடிவாகும்.

ஆனால் நிகழ்ந்தது யாது? பிரித்தானிய ஆட்சியில் உப்பு அரசின் தனியுரிமைப் பண்டமாயிருந்தது. புத்தளத்தில் உப்பளமுடையோர் தாம் விளைவித்ததை அரசு குறித்த விலைக்கே அரசிடம் ஒப்படைத்தனர். கூலியின் எல்லையை உண்மையில் வகுத்தது அரசு விலையே. எனினும் கூலிப் பேச்சில் அரசு ஒரு தரப்பாக அமரவில்லை. மேலும், 1950ஆம் ஆண்டுச் சட்டம் அரசாங்கத்தை முதலாளி என்ற நிலையிற் தன் ஆட்சிக்கு உட்படுத்தவில்லை. அரச திணைக்களத்தின் கீழ் வேலை செய்தோர்க்கு அடைபட்டிருந்த வாயில், கூட்டுத்தாபனங்கள் தோன்றிய பின்னரே திறந்தது. தேசிய உப்புக் கூட்டுத்தாபனமும், பாலாவியை அடுத்து எழுந்த சீமெந்துத் தொழிற்சாலையும் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கவை. நிரந்தர வேலையும் பெயர்ப்பதிவும் சங்கமும் உள்ள சீமெந்துத் தொழிலாளிக்கு ஆணையாளரின் வாயில் எளிதிற் தெரிந்தது. அதே வீதியின் மறுபுறத்திலே தனியார் உப்பளத்தில் நாட்கூலிக்கு வாரிய தொழிலாளிக்கோ அவ்வாயில் தெரியவில்லை.

சட்டம் அவனை மறந்தது என்பதன்று. 1950ஆம் ஆண்டுச் சட்டம் ‘தொழிலாளி’ என்ற சொல்லுக்குத் தரும் வரைவிலக்கணம் மிக விரிந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாலும் வாய்மொழியாய் இருந்தாலும், வெளிப்படையாயினும் உட்கிடையாயினும் அது செல்லும். வழக்கமாக வேலை செய்பவர் அவ்வேளை வேலையில் இல்லாதிருப்பினும் தொழிலாளியே. பருவந்தோறும் வந்து போகும் உப்பளத் தொழிலாளிக்கு இதனினும் பொருத்தமான சொற்களைக் காண்டல் அரிது. குறை சட்டத்தின் சொல்லில் இல்லை. சொல்லுக்கும் பாத்திக்கும் இடையேயுள்ள தூரத்திலேயே உள்ளது.

அத்தூரம் பலவகைப்பட்டது. முதலாவது நிலத்தின் தூரம். கற்பிட்டி முனையிலிருந்து புத்தளம் நகர் 40 கிலோமீற்றருக்கு மேற்பட்டது. முறைப்பாட்டிற்கு ஒருமுறையும் விசாரணைக்குப் பலமுறையும் செல்லும் நாட்கூலியாளர் ஒவ்வொரு முறையும் ஒருநாட் கூலியை இழக்கின்றார். இரண்டாவது சான்றின் தூரம். சம்பளச் சீட்டோ பெயர்ப்பதிவோ இல்லாதவிடத்து, தாம் அங்கு வேலை செய்ததையே அவர் முதலில் நிறுவவேண்டும். மூன்றாவது மொழியின் தூரம். 1956இன் மொழிச்சட்டத்தின் பின் அரச அலுவலகங்கள் தமிழ் பேசும் தொழிலாளிக்கு அந்நியமாயின. 1987இன் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியபோதிலும், ஏட்டிலுள்ள உரிமை அலுவலகக் கதிரைக்கு வந்துசேரக் காலஞ் செல்கின்றது. நான்காவது அச்சத்தின் தூரம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களுட் பெரும்பாலோர் புத்தளத்திலேயே தஞ்சம் புகுந்தனர். உடைமை அனைத்தையும் இழந்து வந்தோர் உப்பளங்களிலும் வெங்காயத் தோட்டங்களிலும் கூலிகளாயினர். வேலை தேடுவோர் பெருகிய இடத்தில் முறையிடுபவனுக்கு மறுநாள் வேலையில்லை. பழங்குடிகளும் புதிதாய் வந்தோரும் கூலிக்காகத் தம்முள் முரண்பட்டனரேயன்றி, ஒருங்கிணைந்து பேசும் நிலை எளிதில் உருவாகவில்லை.

கரைவலைத் தொழிலாளியின் நிலை இதனினும் சிக்கலானது. அவன் பெறுவது கூலியன்று, பங்கு. சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கிய கடனாளியாகவும் அவன் இருக்கின்றான். அவன் தொழிலாளியா, பங்காளியா என்ற வினாவே அவனை வாயிலில் நிறுத்திவிடப் போதுமானது. 1988இன் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகள் ஊர்தோறும் கடன் வழக்குகளைக் கேட்கின்றன. ஆயின் அவற்றின் முன் அவன் கடனாளியாகத் தோன்றுகின்றானேயன்றி உழைப்பாளியாகத் தோன்றுவதில்லை. பிணக்கின் பெயர் மாறியதும் நீதியின் முகமும் மாறிவிடுகின்றது.

தேசிய அளவிலும் இணக்க முறை இடர்ப்பட்டே வந்துள்ளது. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தின்போது பேச்சுக்குப் பதிலாக அவசரகால விதிகளே கையாளப்பட்டன. நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர். எளிமையும் விரைவும் கருதி அமைக்கப்பட்ட நியாயமன்றுகளும் நாளடைவிற் சட்டத்தரணிகளின் வாதக் களங்களாயின. நான்கு மாதத்துள் விசாரணை முடிவுற வேண்டுமென 2003இன் 13ஆம் இலக்கச் சட்டம் விதிக்க நேர்ந்தமையே தாமதத்திற்கு அரசு தந்த ஒப்புதலாகும். இணக்க முறை இலவசமாகவும் விரைவாகவும் அமைதல் வேண்டும் எனச் சர்வதேசத் தொழில் தாபனம் 1951ஆம் ஆண்டிலேயே, தன் 92ஆம் இலக்க விதந்துரையிற் கூறியமை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது.

இணக்கம் எல்லா நோய்க்கும் மருந்து என்பாரும் உளர். அதனை நாம் அவ்வாறே ஏற்பதற்கில்லை. வலியவனும் மெலியவனும் ஒரு மேசையில் அமரும்போது ‘விட்டுக்கொடுத்தல்’ என்பது மெலியவன் மட்டும் விட்டுக்கொடுப்பதாய் முடிதல் கூடும். ஊழியர் சேமலாப நிதி, பணிக்கொடை, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியான குறைந்தபட்ச வேதனம் ஆகியவை பேரத்திற்கு உரியனவல்ல. அவற்றை அறவிடுதல் அலுவலரின் கடமை. கூலி உயர்வும் வேலைநேரமும் பங்கு விகிதமும் போன்றவையே இணக்கத்திற்கு உரியவை. இவ்வேறுபாட்டை அறியாத நடுவர், நன்மை செய்வதாய் எண்ணித் தீமையே செய்வார்.

இந்த எல்லையை மனத்திற் கொண்டு நோக்கின், செய்யக்கூடியன பெரிய சட்டச் சீர்திருத்தங்கள் அல்ல என்பது தெளிவாகும். தொழில் அலுவலர் ஒருவர் உப்பு வாரும் பருவம் தொடங்குமுன் உப்பளக் கரைக்கே வந்து, இரு தரப்பாரையும் அழைத்து, அப்பருவத்துக்குரிய கூலியைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒப்பமிடச் செய்யலாம். இதற்கு 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகத்தில் எத்தடையும் இல்லை. வேலைக்கு வரும் ஒவ்வொருவர்க்கும் நாட்சீட்டு வழங்கச் செய்யின் சான்றின் தூரம் குறையும். ஏழு பேர் ஒன்றுசேரின் தொழிற்சங்கம் பதியலாம் என்பது 1935ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை; ஒரு பாத்தியில் உப்பு வாருவோர் தொகையே அதற்குப் போதுமானது.

1929இலும் 1940இலும் உயிர்கள் பலியான பின்னரே பேச்சு மேசைகள் இடப்பட்டன. புத்தளக் கரையில் அத்தகைய பெரும் மோதல் பேசப்படாமைக்குக் காரணம் அங்கு பிணக்கு இன்மையன்று. பிணக்கு மௌனமாய் இருப்பதேயாகும். மௌனத்தை இணக்கம் எனக் கொள்வது வரலாற்று மாணவர் செய்யத் தகாத பிழை. உப்பு கரையுமுன் நீதி கரைக்கு வந்துசேர வேண்டும். அவ்வழியை அமைப்பதே இணக்கச் சட்டத்தின் மெய்யான சோதனையாகும்.