கரைவேட்டி: நெய்வேலி வட்டாரம்

கரைவேட்டி என்பது வெள்ளை வேட்டியின் ஓரத்தில் கட்சிக்கொடியின் நிறங்களை ஏற்றி நெய்த தமிழ்நாட்டு அரசியல் உடை. கொடி கம்பத்தோடு நின்றுவிடும்; கரைவேட்டி கல்யாண வீட்டுக்கும் வருகிறது, துக்க வீட்டுக்கும் வருகிறது. கடலூர் மாவட்டத்தின் பழுப்பு நிலக்கரி நகரமான நெய்வேலியில் அது தொழிற்சங்க வாழ்வோடு கலந்துவிட்டது.

உடையில் கொள்கையைச் சொல்வது இவ்வட்டாரத்துக்குப் புதிதல்ல. பக்கத்து வடலூரில் 1872இல் சத்திய ஞான சபையைத் திறந்த வள்ளலார், துறவியருக்குரிய காவியை விலக்கி வெள்ளாடையே போர்த்தினார். 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் அவர் ஏற்றிய சன்மார்க்கக் கொடி மஞ்சளும் வெள்ளையும் கொண்டது. சன்மார்க்க அன்பர்கள் இன்றும் வெள்ளையே உடுத்துகிறார்கள்.

1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி அரையாடைக்கு மாறியபின் கதர் தேசியத்தின் அடையாளமாக வேரூன்றியது. அதற்கு எதிர்க்குரலாக எழுந்தது கறுப்பு. 1944இல் சேலத்தில் பெயர் சூடிய பெரியாரின் திராவிடர் கழகம் கருஞ்சட்டைப் படையைத் திரட்டியது. பெரியாருக்குக் கறுப்பு, பிறப்பால் சுமத்தப்பட்ட இழிவின் அறிவிப்பு; கழகக் கொடியின் நடுவே உள்ள சிவப்பு வட்டம், அதை ஒழிக்கும் முயற்சி. 1946 மே மாதம் மதுரையில் கூடிய கருஞ்சட்டை மாநாட்டின் பந்தல் கொளுத்தப்பட்டது. 1948இல் அரசு கருஞ்சட்டைப் படையைத் தடைசெய்தது. ஒரு சட்டையின் நிறத்துக்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

1949 செப்டம்பர் 17 அன்று திராவிடர் கழகத்திலிருந்து பிரிந்து பிறந்த திமுக, கறுப்பு மேலும் சிவப்பு கீழுமாகக் கொடி அமைத்தது. காலப்போக்கில், சட்டை முழுக்க இருந்த கறுப்பு வேட்டியின் ஓரத்துக்கு இறங்கியது. கருஞ்சட்டை போராளியின் உடை. கரைவேட்டியோ வீட்டுக்கு வீடு போய் ஓட்டுக் கேட்கும் குடும்பஸ்தனின் உடை. கலகக் கட்சி ஆளுங்கட்சியான கதை அதில் அடங்கியிருக்கிறது. 1972 அக்டோபர் 17 அன்று திமுகவிலிருந்து அதிமுக பிரிந்ததும், அதன் கரையில் கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. கூட்டத்தில் தொலைவிலிருந்தே ஆளைப் பிரித்தறிய அந்தக் கோடு போதும். பின்னர் மதிமுகவின் சிவப்பு-கறுப்பு-சிவப்பும், பாமகவின் நீலம்-மஞ்சள்-சிவப்பும் வந்தன.

இந்தக் கரை அச்சடித்ததல்ல. பாவின் ஓரங்களில் சாயமேற்றிய நூலைச் சேர்த்து ஓட்டுவதால், எட்டு முழ வேட்டியின் ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்பு வரை அது அறுபடாமல் ஓடும். தேர்தல் வந்தால் ஈரோட்டு வட்டாரத் தறிகளுக்கு எல்லாக் கட்சி வேலையும் வந்து சேரும்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் தொடங்கியது. 1957 மே மாதம் சுரங்கப் பணியை நேரு தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரி கண்ணில் பட்டது. வட்டம் வட்டமாக வகுத்த நகரியத்தில், பதவிப் படிநிலைப்படி குவார்ட்டர்ஸ் கிடைத்தது. சுரங்கத்துக்குள் ஹெல்மெட்டும் பூட்ஸும்தான். வேட்டிக்கு அங்கே இடமில்லை. வெளியே வந்தால் திமுக சார்ந்த தொமுசவின் கறுப்பு-சிவப்பு, அதிமுக சார்ந்த அண்ணா தொழிற்சங்கத்தின் மூவண்ணக் கரை, இடதுசாரிச் சங்கமான சிஐடியுவின் செந்துண்டு என்று சங்கம் தோளிலும் இடுப்பிலும் தெரியும். இந்த அடையாளம் பெரும்பாலும் ஆண்களுடையதாகவே இருந்தது பெருங்குறை. மகளிரணியின் கரைச்சேலை மாநாட்டு நாளைத் தாண்டி அன்றாட உடையாகவில்லை.

நிறங்கள் மோதிய ஊரில் அவை சேர்ந்து நின்றதும் உண்டு. 2013 ஜூலையில் நிறுவனப் பங்கு விற்பனையை எதிர்த்துச் சங்கங்கள் ஒன்றாக வேலைநிறுத்தம் செய்தன. முடிவில் 3.56 விழுக்காட்டுப் பங்கைத் தமிழ்நாடு அரசு நிறுவனங்களே வாங்கின. 2023 ஜூலையில் கதை வேறு. வளையமாதேவி கிராமத்தில் விளைந்து நின்ற நெல்வயலில் வாய்க்கால் வெட்ட நிறுவனத்தின் இயந்திரம் இறங்கியதை எதிர்த்து, பாமகவினர் நீலம்-மஞ்சள்-சிவப்புத் துண்டுகளோடு நெய்வேலியில் திரண்டனர். போராட்டம் காவல்துறையோடு மோதலில் முடிந்தது. சங்கக் கரை வேலையைக் காக்க வந்தது. இந்தத் துண்டு நிலத்தைக் காக்க வந்தது. நிலம் கொடுத்து அதே நிறுவனத்தில் வேலை பெற்ற குடும்பங்களுக்கு இரண்டுமே சொந்தக் கோரிக்கைகள்தாம்.