நாற்சந்தியில் சேர்ந்த பாட்டுகள்

சிம்பாங் அம்பாட் என்னும் மலாய்ப் பெயருக்கு நாற்சந்தி என்று பொருள். அலோர் காஜா வட்டாரத்து நாற்சந்தியான இவ்வூரில் தோட்டத்திலிருந்து வந்தவர்களும், கடை வைக்க வந்தவர்களும், கப்பலேறி வந்தவர்களும் கலந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த மூட்டைகளில் அரிசியும் துணியும் மட்டும் இருக்கவில்லை, பாட்டும் இருந்தது. சங்கத்தின் ஐம்பதாண்டுப் பணிகளை மற்றப் பக்கங்கள் சொல்கின்றன. நம் முன்னோர் பாடிய, கேட்ட, நாம் பெரும்பாலும் மறந்துவிட்ட பாட்டுகளின் வரலாற்றை இங்கே கூற முற்படுகிறோம்.

இஸ்லாமியத் தமிழ்ப் பாட்டு என்றதும் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வரும் பெயர் இசைமுரசு நாகூர் இ. எம். ஹனிபா. 1925இல் பிறந்து 2015 ஏப்ரல் 8ஆம் நாள் மறைந்தார். இசைத்தட்டு, ஒலிநாடா, குறுந்தட்டு என மூன்று காலங்களையும் கடந்து ஒலித்த குரல் அது. ரமலான் இரவிலும், கல்யாணப் பந்தலிலும், கடைகளின் வானொலிப் பெட்டியிலும் அவரைக் கேட்டே வளர்ந்தோம். அரசியல் மேடையில் பாடினார், 1992இல் வந்த ‘செம்பருத்தி’ படத்தில் இளையராஜாவின் இசையிலும் பாடினார். அந்தப் பெருங்குரலுக்குப் பின்னால் பல நூற்றாண்டுப் பாட்டு மரபு இருக்கிறது. அதை நம் பிள்ளைகள் அறியமாட்டார்கள். நம்மிலும் பலர் அறியோம்.

முனாஜாத்தும் மசலாவும்

1872ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ‘முனாஜாத்துத் திரட்டு’ என்னும் நூல் அச்சாயிற்று. இயற்றியவர் முகம்மது அப்துல் காதிறுப் புலவர். சிங்கப்பூரில் அச்சாகி இன்றுவரை கிடைத்துள்ள தமிழ் இலக்கிய நூல்களில் இதுவே மிகப் பழையது எனக் கருதப்படுகிறது. முனாஜாத்து என்பது அடியான் இறைவனிடம் தனித்திருந்து மன்றாடும் வேண்டுதல் பாட்டு. அந்த வட்டாரத்துத் தமிழ் இலக்கியம், நமக்குத் தெரிந்தவரை, முஸ்லிம் புலவர் ஒருவரின் வேண்டுதலோடு தொடங்குகிறது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அதே 1872இல்தான் மலாக்காவின் கம்போங் கிளிங் பள்ளிவாசல் செங்கல் கட்டடமாக எழுந்தது. 1748இல் மரத்தால் கட்டப்பட்ட பள்ளி அது. அதன் கூரை சுமத்ரா பாணியிலும், மினாரா சீனப் பகோடாவைப் போலவும் அமைந்திருக்கின்றன. நம் முன்னோரின் பாட்டும் அவ்வாறே பல மரபுகள் கலந்து வளர்ந்தது.

முனாஜாத்தைத் தவிர கிஸ்ஸா, மசலா, நாமா, படைப்போர் என்று தமிழில் அதற்குமுன் இல்லாத வடிவங்களை நம் புலவர்கள் படைத்தார்கள். கதை சொல்வது கிஸ்ஸா, கேள்வியும் விடையுமாக நடப்பது மசலா, போர்க்களத்தைப் பாடுவது படைப்போர். வண்ணப் பரிமளப் புலவரின் ‘ஆயிர மசலா’ 1572இல் மதுரையில் அரங்கேறியது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் 5,027 விருத்தங்கள் கொண்டது. அது கையில் வைத்து மௌனமாகப் படிக்கும் நூலாக இருக்கவில்லை. ஒருவர் இராகத்தோடு பாட, இன்னொருவர் பொருள் சொல்ல, ஊரே உட்கார்ந்து கேட்கும் நூலாக இருந்தது.

துணிச்சலான பாட்டு வேண்டுமென்றால் நொண்டி நாடகத்தைப் பார்க்கலாம். திருடப் போய்க் கால் வெட்டுண்ட ஒருவன், தன் கதையைத் தானே மேடையில் நொண்டிக்கொண்டு சிந்து மெட்டில் பாடுவான். கீழக்கரை வள்ளல் சீதக்காதியைப் போற்றும் ‘சீதக்காதி நொண்டி நாடகம்’ அவ்வகையைச் சேர்ந்தது. பாவியின் வாயாலேயே அவன் திருந்திய கதையைக் கேட்க வைத்தது அந்தக் கலை.

ஞானிகளின் பாட்டு வேறொரு வழியில் வந்தது. குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) பாடியவை சித்தர் பாடல்களோடு சேர்த்துச் சமய வேற்றுமையின்றிப் பாடப்பட்டன. தக்கலை பீர்முகம்மது அப்பாவின் ‘ஞானப்புகழ்ச்சி’ அவருடைய ஆண்டு விழாவில் இரவு முழுவதும் கூட்டாகப் பாடப்படுகிறது. நாகூர் தர்காவில் பக்கீர்கள் தப்ஸ் தட்டிப் பாடினார்கள். அதே தர்காவின் வித்வானாக எஸ். எம். ஏ. காதர் கர்நாடக இசை பாடினார். ஆந்திரத்தில் பிறந்து திருவரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா நாகஸ்வரத்தில் உச்சம் தொட்டு, 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார்.

பெண்கள் காத்த பாட்டு

மேடையேறாத பாட்டுகள் பெண்களிடம் இருந்தன. மருதாணி இடும்போது நலங்குப் பாட்டு, தொட்டிலுக்குத் தாலாட்டு, ஓய்ந்த நேரத்தில் கிஸ்ஸா. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழை மதரஸாவில் கற்ற பெண்கள், அந்த எழுத்திலேயே பாட்டுகளைப் படித்தார்கள். கீழக்கரை செய்யிது ஆசியா உம்மா அரபுத்தமிழில் ஞானப் பாடல்கள் இயற்றியவர். நம் பாட்டிமார் பலர் தமிழ்ப் பள்ளிக்குப் போகாதவர்கள். ஆனால் நூற்றுக்கணக்கான அடிகள் அவர்கள் மனத்தில் இருந்தன. ஏட்டில் ஏறாததால், அவர்களோடு அவையும் அடக்கமாகிவிட்டன.

இந்த மண்ணில் கலந்தவை

கடல் கடந்த பாட்டு இங்கே புதிய உருவம் எடுத்தது. நாகூர் ஆண்டகையின் நினைவாகப் பினாங்கு சூலியா வீதியிலும், சிங்கப்பூர் தெலோக் ஆயரிலும் (1828–1830) நினைவிடங்கள் எழுந்தன. பினாங்கின் போரியா, 19ஆம் நூற்றாண்டில் சென்னைப் படைப்பிரிவுகளோடு வந்த முஸ்லிம் சிப்பாய்களின் முஹர்ரம் நிகழ்ச்சியிலிருந்து வளர்ந்தது என்பர். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, குழு திரும்பப் பாடும் அந்த முறை இன்று மலாய்க் கலையாகவே நிலைத்துவிட்டது. ஜொகூரின் மலாய் கஸலில் ஆர்மோனியமும் தபேலாவும் அரபு நாட்டு கம்புஸோடு சேர்ந்து ஒலிக்கின்றன.

நம் மலாக்காவின் சொத்து டொண்டாங் சாயாங். வயலின், ரெபானா, கோங் முழங்க, இருவர் பந்துன் அடிகளால் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிப் பாடுவர். எதிராளியின் அடியைக் கேட்ட அந்த நொடியிலேயே பதிலைக் கட்ட வேண்டும். மலாய்க்காரர், பாபா நோன்யா, செட்டி, போர்த்துகீசியர் ஆகிய நான்கு சமூகத்தாரும் இன்றும் இதைப் பாடுகிறார்கள். 2018இல் யுனெஸ்கோ இதை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த நால்வரில் ஒருவரான செட்டிகள், சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகர்களின் வழியினர். பேச்சு மலாயாக மாறிய பின்னும் அவர்கள் பாட்டை விடவில்லை. பள்ளியில் மலாய்ப் பாடமாகப் பந்துன் படிக்கும் நம் பிள்ளைகள், மசலாவின் கேள்வி பதிலையும் இதன் அருகே வைத்துப் பார்த்தால் வியந்துபோவார்கள்.

ஒரு வேண்டுகோள்

இசை கூடுமா, எது கூடும், தர்காப் பாட்டு சரியா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. நம் குடும்பங்களுக்குள்ளும் உண்டு. ஒரே வீட்டில் வாப்பா மௌலிது ஓத, மகன் அதைத் தவிர்ப்பதையும் பார்க்கிறோம். அதற்குத் தீர்ப்புச் சொல்ல இந்த மலர் இடமன்று. ஆயினும் ஒன்றைப் பாடுவதும், முன்னோர் அதைப் பாடினார்கள் என்று எழுதி வைப்பதும் வேறு வேறு. பாடாதவர்களும் பதிவு செய்யலாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கடலோர மக்களின் இசையைத் தொகுத்த ‘லயா புராஜெக்ட்’ வழியாக நாகூர் பாடகர்களின் குரல் உலகெங்கும் கேட்டது. ஒருவர் கருவியோடு போய்ப் பதிந்ததால்தான் அது நடந்தது.

நம் அலமாரிகளில் கிடக்கும் ஒலிநாடாக்கள் நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கின்றன. பூஞ்சை தெரிந்தால் அதை ஓட்டிப் பார்க்க வேண்டாம், நாடா அறுந்துவிடும். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து, கணினியில் ஏற்ற வேண்டும். பாட்டு எழுதிய பழைய நோட்டுகளையும், அரபுத்தமிழ் ஏடுகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கலாம். வீட்டில் நன்னியோ பெத்தாவோ இருந்தால், கைப்பேசியை அருகில் வைத்து ஒரு தாலாட்டு பாடச் சொல்லுங்கள். பாடியவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார், எந்த ஆண்டு என்ற நான்கையும் மறவாமல் குறித்து வையுங்கள். பெயரில்லாத குரல் அடுத்த தலைமுறைக்கு யாரோ ஒருவரின் குரலாகிவிடும்.

அவ்வாறு சேர்ந்தவற்றைச் சங்கத்தில் ஒப்படைத்தால், நூற்றாண்டு மலரை எழுதப்போகும் நம் பேரப்பிள்ளைகளுக்கு அது கைகொடுக்கும். நம் முயற்சியை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.