ஸ்படிகத்தின் ஆசாரம்

ஸ்படிகங்களைப் போல ஆசாரம் பார்க்கும் ஜாதி உலகத்தில் வேறு கிடையாது. கற்கண்டையே பாருங்கள். பாகிலே வளரும்போது சர்க்கரை சர்க்கரையோடுதான் சேர்கிறது. அழுக்கெல்லாம் பெரும்பாலும் பாகிலேயே நின்றுவிடுகிறது. நடுவிலுள்ள நூல் ஒன்றுதான் எப்படியோ உள்ளே இடம் பிடித்துக்கொள்கிறது. அப்படி ஓர் அந்நியப் பொருளை ஸ்படிகத்துக்குள் குடியேற்ற மனிதன் பட்ட பாடு சுவையான சரித்திரம்.

நியூயார்க்கில் அமெரிக்க இயற்கை வரலாற்றுக் காட்சிசாலையில் 'இந்திய நட்சத்திரம்' என்றொரு நீலக்கல் இருக்கிறது. பெயர்தான் இந்தியா, பிறந்தது இலங்கையில். எடை 563 காரட்டுக்கு மேல். 1964-ல் திருடு போய், மறு வருஷம் மீட்கப்பட்ட கல் அது. விளக்கைக் காட்டினால் அதன்மேல் ஆறு கதிர் நட்சத்திரம் ஒன்று மிதக்கும். பூமிக்கடியில் கொதிநிலையில் அந்தக் கல்லுக்குள் கரைந்திருந்த டைட்டானியம், கல் ஆற ஆற, மிக மெல்லிய ஊசிகளாகப் பிரிந்து மூன்று திசைகளில் அணிவகுத்து நின்றுவிட்டது. அந்த ஊசிகளில் பட்டுச் சிதறும் ஒளிதான் நட்சத்திரம்.

பாரிஸில் வெர்னோய் என்ற ரசாயனி, அலுமினாப் பொடியைத் தீச்சுடரின் வழியே தூவிச் சில மணி நேரத்தில் கெம்புக்கல் விளைவித்தார். அந்த ரகசியத்தை 1891, 1892-ம் வருஷங்களில் முத்திரையிட்ட உறைகளில் விஞ்ஞான அகாடமியிடம் ஒப்படைத்து, 1902-ல்தான் வெளியிட்டார். கல் அசல் கெம்புதான்; ஆனால் நட்சத்திரம் இல்லை. அதில் டைட்டானியமும் இல்லை, ஆற அமரக் குளிர அவகாசமும் இல்லை.

அமெரிக்காவில் லிண்டே கம்பெனியார் பொடியோடு டைட்டானியம் ஆக்ஸைடையும் கலந்தார்கள். விளைந்த கல்லை மறுபடியும் நெடுநேரம் சூட்டில் வைத்தார்கள். ஊசிகள் பிரிந்தன. 1947-ல் செயற்கை நட்சத்திரக் கற்கள் கடைக்கு வந்தன.

ஆனாலும் அந்த ஊசிகள் கல்லுக்குள்ளேயே பிறந்தவை. வெளியே செய்த துகளை, வளர்ந்துகொண்டிருக்கும் ஸ்படிகத்துக்குள் நுழைப்பதல்லவா கடினம்? இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகள் ஒரு யுக்தி செய்தார்கள். மாக்னடைட் என்னும் காந்தக் கனிமத்தின் நானோ துகள்களுக்கு, கால்சைட் ஸ்படிகம் விரும்பிப் பற்றிக்கொள்ளும் பாலிமர் உறையைப் போர்த்தினார்கள். சுண்ணாம்பு ஸ்படிகமும் அவற்றைத் தன்னவர் என்று எண்ணி அணைத்துக்கொண்டே வளர்ந்தது. காந்த குணமும் பெற்றது. 2014-ல் இது வெளியாயிற்று.

வெர்னோய் பாடுபட்டது சுத்தத்துக்காக. இவர்கள் பாடுபட்டது அதைக் கெடுப்பதற்காக. கெட்டதனால்தான் கல்லுக்குப் புதுக் குணம் வந்தது. அடுத்த முறை கற்கண்டைக் கடிக்கும்போது, அந்த நூலைத் துப்புவதற்கு முன் ஒரு நிமிஷம் பாருங்கள்.