நீல வயருக்குக் கண்ணீர் அஞ்சலி

நீலகிரி மலையில், எங்கள் கீழ் கோத்தகிரியில் ஒருவர் தவறிவிட்டால் மறுநாள் காலைக்குள் பஸ் ஸ்டாப் பக்கம் ஃப்ளெக்ஸ் ஏறிவிடும். மேலே படம், கீழே தோற்றம், மறைவு, அதற்கும் கீழே 'கண்ணீருடன்' என்று இருபது பெயர்கள். எங்கள் வீட்டு அலமாரியில் ரப்பர் பேண்ட் போட்டுச் சுருட்டி வைத்திருக்கும் மூன்று மீட்டர் நீல வயருக்கும் அப்படி ஒன்று அடிக்கலாம். தோற்றம் சுலபம்: 22.5.1973. அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பாப் மெட்காஃப் என்பவர், இந்த வயரில் ஓடும் ஈதர்நெட் யோசனையைத் தாளில் எழுதி வைத்த நாள். மறைவுத் தேதிதான் கிடைக்கவில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

வயர் இன்னும் கடையில் விற்கிறது. செத்தது பழக்கம். இரண்டு லேப்டாப்பை வைத்து, நடுவில் வயர் போட்டு, இதிலிருந்து அதற்கு 'ஏத்திக்கொள்ளும்' பழக்கம்.

மலைக்கு லேப்டாப் வந்த கதை பலருக்கும் தெரியும். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசு நிறுவனமான எல்காட் மொத்தமாக வாங்கி, அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. அதுவரை எங்களுக்குக் கம்ப்யூட்டர் என்றால் எஸ்டேட் ஆபீஸில் சம்பளக் கணக்குப் போடும் பெட்டி. திடீரென்று ஒரே லயனில், அதாவது எஸ்டேட் தொழிலாளர் வீட்டு வரிசையில், மூன்று வீட்டில் லேப்டாப். முப்பது கிலோ கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா, கையைத் துடைத்துவிட்டு மூடியைத் தொட்டுப் பார்த்தாள். "சூடா இருக்குடா தம்பி, அணைச்சு வை" என்றாள்.

லேப்டாப் வந்தது. இன்டர்நெட் வரவில்லை. டாங்கிள் வாங்கினவர்கள் தேயிலைக் காட்டின் உச்சியில், ஒரு குறிப்பிட்ட சில்வர் ஓக் மரத்தடியில் நின்றால் இரண்டு கோடு காட்டும். மேகம் இறங்கினால் மரமே தெரியாது. ஆகவே கோயம்புத்தூரில் படிக்கப் போன பக்கத்து வீட்டு அண்ணன்தான் எங்கள் இன்டர்நெட். சனிக்கிழமை கடைசி பஸ்ஸில் வந்து இறங்கும். பாட்டு, படம், பழைய கேள்வித்தாள், சி புரோகிராமிங் புத்தகம், தமிழ் எழுத்துரு, எல்லாம் அவர் லேப்டாப்பில் இருக்கும். ஞாயிறு மத்தியானத்துக்குள் எங்கள் லேப்டாப்புக்கு மாற வேண்டும். திங்கள் விடிந்தால் இன்டர்நெட் மறுபடி மேட்டுப்பாளையம் வழியாக இறங்கிவிடும்.

பென் டிரைவ் இருந்ததே என்பீர்கள். இருந்தது, 4 ஜிபி. அதைச் செருகினால் ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வைரஸ் உட்கார்ந்திருக்கும். பெரிய கொள்ளளவு வாங்கினாலும் இன்னொரு சிக்கல். அன்றைய பென் டிரைவ்கள் பெரும்பாலும் எஃப்ஏடி32 என்ற முறையில் அமைக்கப்பட்டவை. அதில் ஒரே ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகாது. டிரைவில் பாதி காலியாகவே கிடந்தாலும் 'ஃபைல் ரொம்பப் பெரிது' என்று கையை விரிக்கும். எங்கள் வகுப்புத் தோழனின் அக்கா கல்யாணம் பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், நடந்தது. அந்த வீடியோ ஒரே ஃபைலாக 9 ஜிபி. படுகர் வீட்டுக் கல்யாண ஆட்டத்தை நடுவில் வெட்டிக் கொடுக்க அவன் சம்மதிக்கவில்லை. அன்றைக்குத்தான் அண்ணன் வயரைப் பற்றிச் சொன்னார்.

"கிராஸ் வயர் வாங்கிட்டு வாடா. நேர் வயர் வாங்கிடாதே."

சாதாரண லேன் வயரில் இரு முனையிலும் எட்டுக் கம்பியும் ஒரே வரிசை. ஆரஞ்சுவெள்ளை, ஆரஞ்சு, பச்சைவெள்ளை, நீலம், நீலவெள்ளை, பச்சை, பிரவுன்வெள்ளை, பிரவுன். ஒரு கம்ப்யூட்டர் பேசும் கம்பியில் இன்னொன்றும் பேசினால் கேட்க ஆளில்லை; அதனால் ஒரு முனையில் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாற வேண்டும். அதுதான் கிராஸ். கோத்தகிரிக்குப் பஸ் ஏறி, ஒரு கடையில் கேட்டு வாங்கி வந்தேன். வந்து பார்த்தால் நேர் வயர். மறுபடி பஸ். இந்த முறை ஒரு கம்ப்யூட்டர் சென்டர் அண்ணன் முனையை வெட்டி எறிந்துவிட்டு, தோலைப் பல்லால் உரித்து, கம்பிகளைக் கட்டைவிரல் நகத்தால் நீவி நேராக்கி, வாய்ப்பாடு மாதிரி வண்ணங்களை முணுமுணுத்துக்கொண்டே புது முனையைக் கிரிம்பரில் வைத்து அழுத்தினார். நறுக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

லயன் வீடுகளில் நடுச்சுவர் கூரை வரை போவதில்லை. தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே கையளவு சந்து. வயரை அதன் வழியாக அண்ணன் வீட்டுக்கு எறிந்தோம். ஐபி எண் அவருக்கு 192.168.1.1, எனக்கு 192.168.1.2. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல்.

"பிங் அடி. வருதா?"

"வரலண்ணா."

"இப்ப?"

"இப்பவும் வரல."

அரை மணி நேரம் கழித்து அவர், வெளித் தொடர்பைத் தடுக்கும் ஃபயர்வாலை அணைத்தார். வந்துவிட்டது. 9 ஜிபி, சுமார் கால் மணி நேரம். நொடிக்கு 100 மெகாபிட் போகும் வயரில் கணக்கும் அதுதான் சொல்கிறது. பாதியில் கரண்ட் போனது. மழைக்காலத்தில் லைன் மேல் மரம் விழாத வாரம் எங்கள் பக்கம் குறைவு. இரண்டு லேப்டாப்பும் பேட்டரியில் ஓடின, வயருக்குக் கரண்டே வேண்டாம். இருட்டில் போர்ட் ஓரத்து மஞ்சள் விளக்கு மட்டும் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது.

பல வருடம் கழித்து ஒரு உண்மை தெரியவந்தது. கம்பி வரிசையைத் தானே கண்டுபிடித்து மாற்றிக்கொள்ளும் நுட்பம் 1990களின் இறுதியிலேயே வந்துவிட்டது. எங்கள் கையில் இருந்த மாதிரி லேப்டாப்புகளுக்குக் கிராஸ் வயர் தேவையே இருந்திருக்காது. பெயர் தெரியாத நெட்வொர்க் என்றால் விண்டோஸ் 7 அதைப் பொது இடமாக நினைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும். தடுத்தது ஃபயர்வால். அந்தக் கடைக்காரர் பேரில் தப்பே இல்லை, நாங்கள்தான் ஏற்கெனவே செத்துப்போன ஒன்றைத் தேடி இரண்டு முறை பஸ் ஏறியிருக்கிறோம்.

சரி, பழக்கத்தைக் கொன்றது யார்? முதல் சந்தேகம் ஷேர்இட் செயலி. வயரும் வேண்டாம், எண்ணும் வேண்டாம், திரையில் வட்டமாக ஒரு முகம் தெரியும், தொட்டால் போதும். அதை உருவாக்கியது லெனோவா. அரசு கொடுத்த லேப்டாப்பிலும் லெனோவா உண்டு. வயரைத் தோற்கடித்தது வீட்டுக்குள்ளேயே இருந்த ஆள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, டேட்டா மலிந்தது. 2018-ல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-லிருந்து, வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குள் ஃபைல் பகிரும் ஹோம்குரூப் வசதியைக் கழற்றியது. கடைசிக் குத்து லேப்டாப் கம்பெனிகளுடையது: உடம்பு மெலிய வேண்டுமென்று லேன் போர்ட்டையே எடுத்துவிட்டார்கள். வயர் இருக்கிறது, செருக வாயில்லை.

ஜெயித்த ஷேர்இட்டும் நிலைக்கவில்லை. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 சீனச் செயலிகளில் அதுவும் ஒன்று, கூடவே அதே வேலை செய்யும் ஜெண்டரும். வயரை அப்படி ஒரே உத்தரவில் நிறுத்தியிருக்க முடியுமா?

செத்தவரைப் பற்றி நல்லதே பேச வேண்டும் என்பார்கள், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்த வயரில் போனதில் முக்கால்வாசி திருட்டுப் படம். கேள்வித்தாள் ஓரமாகத்தான் போனது. ஃபயர்வாலை அணைத்துவிட்டு மறந்துபோய் மாதக்கணக்கில் திறந்த வீடாகக் கிடந்திருக்கிறோம். இன்று அதைவிட நல்ல வழிகள் உண்டு. விண்டோஸிலேயே இருக்கும் நியர்பை ஷேரிங் இன்டர்நெட் இல்லாமலே இரண்டு விண்டோஸ் லேப்டாப்புக்கு நடுவே வேலை செய்கிறது. ஏர்டிராப்பும் அப்படித்தான், என்ன, அது நெடுங்காலம் ஆப்பிள் சொந்தத்துக்குள் மட்டுமே கொடுத்து வாங்கியது.

ஆனால் நடைமுறையில் யாரும் இதையெல்லாம் தொடுவதில்லை. எல்லோரும் அனுப்புவது லிங்க். சென்ற மழையில் அண்ணன் மகள் அடுத்த அறையிலிருந்து எனக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். பத்தடி தூரம். அது மலையிறங்கி, எங்கோ ஒரு சர்வருக்குப் போய், திரும்ப மலையேற வேண்டும். டவரில் கரண்ட் இல்லை. மறுநாள் சிக்னல் வந்து தொட்டால், 'அனுமதி இல்லை, உரிமையாளரிடம் கேளுங்கள்' என்றது. உரிமையாளர் சமையலறையில் வரக்காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். வயரில் வந்தது வந்ததுதான், அந்தக் கல்யாண வீடியோ இன்றும் என் பழைய ஹார்ட் டிஸ்கில் முழுசாக ஓடுகிறது. மலையில் இருப்பவனுக்கு லிங்க் என்பது வெறும் சீட்டு. சாமான் கீழே யாரோ ஒருவரின் கிடங்கில் இருக்கிறது, ரோடு இருந்தால்தான் வரும். 2009 நவம்பர் நிலச்சரிவில் ரோடு என்ன ஆயிற்று என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கல்லூரி மாணவர்களுக்கு மறுபடி லேப்டாப் தருவதாக 2025 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. புது லேப்டாப் வாங்குகிறவர்கள் அதன் பக்கவாட்டை ஒருமுறை பாருங்கள். லேன் போர்ட் இருந்தால் நல்லது. இல்லையென்றால் யூஎஸ்பியில் செருகும் அடாப்டர் கடையில் கிடைக்கும். எந்த வயர் இருக்கிறதோ அதைப் போடுங்கள், கிராஸ் தேடிக் கோத்தகிரிக்குப் பஸ் ஏற வேண்டாம். ஃபோல்டரை ஷேர் செய்யுங்கள், நெட்வொர்க்கைப் பிரைவேட் என்று மாற்றுங்கள். ஃபயர்வாலை அணைத்திருந்தால், வேலை முடிந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்கள்.